கட்டட அசைவு அளவீடு

கட்டட அசைவு அளவீடு என்பது ஒரு கட்டடம் காலப்போக்கில் அமிழ்கிறதா, சாய்கிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா, விரிசல் விடுகிறதா என்பதைத் துல்லிய நில அளவை முறைகளால் மீண்டும் மீண்டும் அளந்து அறியும் பொறியியல் செயற்பாடு ஆகும். பொதுவான நில அளவை ஒரு பொருள் எங்கே உள்ளது என்பதைக் கூறுகிறது. அசைவு அளவீடு, அப்பொருள் முன்பிருந்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கூறுகிறது. அணைகள், பாலங்கள், சுரங்கப்பாதைகளின் மேலுள்ள கட்டடங்கள், பழங்காலக் கோயில்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. பழைய கற்றளிகளையும் கருங்கல் குவாரிகளையும் ஒருங்கே கொண்ட புதுக்கோட்டை மாவட்டம் இதன் தேவையை விளக்கும் பகுதிகளுள் ஒன்றாகும்.

அடிப்படை

எந்த அசைவையும் அசையாத ஒன்றோடு ஒப்பிட்டே அறிய முடியும். எனவே அளவீட்டின் முதற்பணி, கட்டடத்திலிருந்து போதிய தொலைவில், உறுதியான நிலத்தில் ஒப்பீட்டுப் புள்ளிகளை நிறுவுவதாகும். ஒரே புள்ளியை மட்டும் நம்பினால், அப்புள்ளியே அமிழும்போது கட்டடம் உயர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். ஆகையால் குறைந்தது மூன்று புள்ளிகள் அமைக்கப்பட்டு, அவை ஒன்றையொன்று சரிபார்க்குமாறு ஒவ்வொரு முறையும் அளக்கப்படுகின்றன. அடிநிலப் பாறையில் பதித்த குறிகள் இதற்கு மிகவும் ஏற்றவை.

முதல் அளவீடு தொடக்க அளவீடு எனப்படும். பின்னர் எடுக்கப்படும் அனைத்து அளவீடுகளும் இதனோடு ஒப்பிடப்படுவதால், விரிசல் தோன்றிய பின்னர் எடுப்பதைவிடக் கட்டடம் நலமாக உள்ளபோதே இதனை எடுத்து வைப்பது சிறந்தது.

வரலாறு

சோழர் கால நில அளவை

முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001ஆம் ஆண்டையொட்டிச் சோழநாட்டு நிலங்கள் விரிவாக அளக்கப்பட்டன. பதினாறு சாண் நீளமுள்ள உலகளந்தகோல் இதற்குப் பயன்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086ஆம் ஆண்டளவில் மீண்டும் ஓர் அளவை நடைபெற்றது. கோல்களின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டதால், கோல் அளவுகள் கோயில்களின் கல்லில் வெட்டி வைக்கப்பட்டன. மரக்கோல் தேய்ந்தாலும் கல்லிலுள்ள அளவு மாறாது.

சோழர் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரையான பின்னம் காணப்படுகிறது. முந்திரி எனப்படும் 1/320 என்ற பின்னத்தை மேலும் மேலும் பகுத்துச் செல்லும் தமிழ்க் கணக்குமுறையால் இது இயன்றது. ஆயினும் இது கணக்கின் நுட்பமே அன்றி அளவையின் துல்லியம் அன்று. ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டருக்கும் குறைவான அப்பரப்பை எந்தக் கோலாலும் வயலில் அளக்க இயலாது. இன்றைய மின்னணுக் கருவிகள் காட்டும் தசம இலக்கங்களுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

லாம்டனின் அளவை

வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்ற பணியின் தொடக்கம் இதுவே. நூறடி எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளும் என்பதால், அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி வெப்பமானிகளின் துணையோடு அளந்தனர். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அச்சங்கிலி சுமார் 3.7 மில்லிமீட்டர் நீளும்.

கோணங்களை அளக்க இலண்டனில் செய்யப்பட்ட, சுமார் அரை டன் எடையுள்ள பெரும் தியோடலைட்டு பயன்பட்டது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயில் கோபுரங்களும் விமானங்களும் அளவை நிலையங்களாயின. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மீது தியோடலைட்டை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. அதன் வட்டம் கோணலாயிற்று. லாம்டன் கருவியைப் பிரித்துச் சுமார் ஆறு வாரங்கள் உழைத்து, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பெரும்பாலும் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அவ்விமானத்துக்கான கருங்கற்கள் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படுகிறது.

முறைகளும் கருவிகளும்

* தூக்குக்குண்டு: உயரமான தூண் அல்லது சுவரின் சாய்வை அறியும் மிகப் பழைய முறை. அணைகளினுள் இன்றும் நீண்ட கம்பியில் குண்டு தொங்கவிடப்படுகிறது.
* கண்ணாடிச் சான்று: விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டப்படும். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். அசைவு நிகழ்ந்ததை இது காட்டும். அதன் அளவைக் காட்டாது. அளவை அறிய, கட்டமிட்ட விரிசல் அளவிகள் பயன்படுகின்றன.
* துல்லிய மட்ட அளவை: கட்டடத்தில் பதித்த குமிழ்களின் உயரத்தை மட்டக்கருவியால் ஒப்பிடுதல். வெப்பத்தால் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் என்னும் நிக்கல்-இரும்புக் கலவையாலான அளவுகோல் இதில் பயன்படும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையுடன் அளக்க இயலும்.
* டோட்டல் ஸ்டேஷன்: கோணத்தையும் தொலைவையும் ஒருங்கே அளக்கும் கருவி. கோணத்தில் ஒரு விகலைப் பிழை நேர்ந்தால், 100 மீட்டர் தொலைவில் அது சுமார் அரை மில்லிமீட்டர் ஆகும்.
* சாய்வுமானி: சுவரில் பொருத்தப்பட்டுத் தொடர்ந்து பதிவு செய்யும் மின்னணுக் கருவி.
* செயற்கைக்கோள் முறைகள்: ஜி.பி.எஸ். போன்ற அமைப்புகளும், ராடார் படங்களை ஒப்பிடும் முறையும் பரந்த பகுதிகளின் அமிழ்வை அறிய உதவுகின்றன.

அன்றாட அசைவும் நிலையான அசைவும்

எல்லாக் கட்டடங்களும் நாள்தோறும் அசைகின்றன. வெயில் படும் பக்கம் விரிவதால் உயர்ந்த கோபுரம் மாலையில் ஒரு பக்கமும் விடியற்காலையில் மறுபக்கமும் மிகச் சிறிதளவு சாயக்கூடும். களிமண் நிலம் மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் விரிசல்கள் திறந்து மூடும். இவை மீளும் அசைவுகள். ஆண்டுதோறும் ஒரே திசையில் கூடிக்கொண்டே செல்லும் அசைவே ஆபத்தானது. இரண்டையும் பிரித்தறிய, குறைந்தது ஓராண்டு, ஒரே நேரத்தில் வெப்பநிலையையும் குறித்து அளத்தல் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டச் சின்னங்கள்

நார்த்தாமலையிலுள்ள விசயாலய சோழீச்சுரம் மேலமலையின் பாறைச்சரிவிலேயே எழுப்பப்பட்டது. அடித்தளம் பாறையாதலால் மண் அமிழ்வு இதனைப் பாதிப்பதில்லை. எனினும் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதிஅரையன் எடுத்த இக்கற்றளி மழையால் இடிந்ததையும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதிஅரையன் அதனைப் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கட்டடச் சேதத்தையும் அதன் காரணத்தையும் பதிவு செய்த பழைய ஆவணம் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இருக்குவேள் மரபினரான பூதி விக்கிரமகேசரி எடுத்த மூன்று விமானங்களுள் இரண்டே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. சாந்து இன்றி அடுக்கப்பட்ட கற்களில் சிறு நழுவல்கள் ஒன்றோடொன்று கூடுவதால், நிற்பனவற்றைப் பொறுத்தவரை ஒவ்வோர் அடுக்கின் இருப்பையும் தனித்தனியே அளப்பது தேவையாகிறது.

குவாரி அதிர்வு

மாவட்டத்தில் கருங்கல் குவாரிகள் பல உள்ளன. வெடி வைக்கும்போது நிலத்தில் எழும் அதிர்வு, துகள்களின் உச்ச வேகமாக, நொடிக்கு மில்லிமீட்டர் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, தொன்மையான கட்டடங்களுக்கு 8 எர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 2 மில்லிமீட்டரையும், 8 முதல் 25 எர்ட்சு வரை 5 மில்லிமீட்டரையும், அதற்கு மேல் 10 மில்லிமீட்டரையும் வரம்பாக வைத்தது. பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரையறுத்தது. தொலைவு மட்டும் பாதுகாப்பன்று; பாறையின் அமைப்பும் வெடிமருந்தின் அளவும் அதிர்வை மாற்றுவதால், சின்னத்தின் அடியிலேயே அளத்தல் வேண்டும்.

திருக்காளத்தி கோபுரம்

அளவீடு எதற்காக என்பதை 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தின் திருக்காளத்தியில் நிகழ்ந்த சரிவு காட்டியது. கிருட்டிணதேவராயர் காலத்தில், 1516ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட இராசகோபுரம் அன்றிரவு முற்றிலும் இடிந்து விழுந்தது. அதில் நெடுநாளாகவே விரிசல்கள் இருந்தன. அவை விரிவது கண்டு மக்கள் முன்கூட்டியே விலக்கப்பட்டிருந்தனர். புதிய கோபுரம் கட்டப்பட்டு 2017ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெற்றது. விரிசல் உள்ளது என்பது கண்ணுக்குத் தெரியும் செய்தி. அது எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதை அளவீடே கூறும். மக்களை விலக்குவதற்கு முந்தைய அறிவிப்பு போதும்; கோபுரத்தைக் காப்பதற்குப் பிந்தையது பல ஆண்டுகள் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நில அளவை
* இந்தியப் பெரும் முக்கோண அளவை
* வில்லியம் லாம்டன்
* நார்த்தாமலை
* மூவர் கோயில்