வினையடைத் துணைவாக்கியம் (ஆங்கில இலக்கணம்)

ஆங்கில இலக்கணத்தில் வினையடைத் துணைவாக்கியம் (அட்வெர்ப் கிளாஸ்) என்பது வினையடையின் பணியைச் செய்யும் துணைவாக்கியம் ஆகும். முதன்மை வாக்கியம் கூறும் செயல் எப்போது, எங்கே, ஏன், எந்த நிபந்தனையில் நிகழ்கிறது என்பதை இது உணர்த்தும். இதற்குப் பொதுவாகத் தனி எழுவாயும் வினைமுற்றும் உண்டு; எனினும் இது தனித்து நின்று பொருளை முடிக்காது.

== அமைப்பு ==
தமிழில் 'மழை பெய்தபோது', 'மழை பெய்ததால்', 'மழை பெய்தபோதிலும்' என வினையின் ஈறு மாறி இத்தொடர்பைக் காட்டும். ஆங்கிலத்தில் வினை முற்றாகவே நிற்க, முன்னே வரும் இணைப்புச்சொல் அப்பொருளைத் தரும்: 'வென் இட் ரெயின்ட்', 'பிகாஸ் இட் ரெயின்ட்', 'ஆல்தோ இட் ரெயின்ட்'.

துணைவாக்கியம் முதலில் வந்தால் அதன் இறுதியில் காற்புள்ளி இடுவது வழக்கம். பின்னால் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி தேவையில்லை.

== வகைகளும் இணைப்புச்சொற்களும் ==
* காலம்: வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், சின்ஸ்
* இடம்: வேர், வேரெவர்
* காரணம்: பிகாஸ், சின்ஸ், ஆஸ்
* நிபந்தனை: இஃப், அன்லெஸ்
* முரண்: ஆல்தோ, தோ
* நோக்கம்: சோ தட், இன் ஆர்டர் தட்
* விளைவு: சோ ... தட்
* விதம்: ஆஸ், ஆஸ் இஃப்
* ஒப்பீடு: தேன், ஆஸ் ... ஆஸ்

== பொருள் மயக்கம் ==
ஒரே சொல் பல வகைகளில் வருவதால் மயக்கம் நேரலாம். 'சின்ஸ் ஷி லெஃப்ட், ஹி ஹாஸ் பீன் சேட்' என்பதற்கு 'அவள் சென்றதிலிருந்து' என்றும் 'அவள் சென்றதால்' என்றும் பொருள் கொள்ளலாம். காரணமே கருத்தெனில் 'பிகாஸ்' தெளிவு தரும்.

எதிர்மறை வாக்கியத்தில் 'பிகாஸ்' கூட மயக்கம் தரும். 'ஹி டிட் நாட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்ரி' என்பது 'கோபத்தினால் அவன் போகவில்லை' என்றும், 'அவன் போனதற்குக் காரணம் கோபம் அன்று' என்றும் பொருள்படும். முன்னதே கருத்தெனில் துணைவாக்கியத்தை முதலில் வைத்து எழுதலாம்.

== கவனிக்க வேண்டியவை ==
* காலம், நிபந்தனை ஆகியவற்றைக் குறிக்கும் துணைவாக்கியங்களில் எதிர்காலச் செயலும் பொதுவாக நிகழ்கால வடிவில் வரும். 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' என்பதே சரி. 'வென் ஹி வில் கம்' என்பது இங்கு பிழை.
* 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தில் மீண்டும் 'பட்' சேர்ப்பதில்லை. இரண்டும் முரணையே உணர்த்துவதால் ஒன்றே போதும்.
* 'அன்லெஸ்' தன்னுள் எதிர்மறையைக் கொண்டது. 'அன்லெஸ் யூ ரன்' என்றால் 'நீ ஓடாவிட்டால்' என்று பொருள். அதனுடன் 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும்.

== மாற்று அணுகுமுறை ==
இவ்விணைப்புச்சொற்களுள் பலவற்றை முன்னிடைச்சொற்களாகக் கொள்ளும் கருத்தும் உண்டு. 'பிஃபோர் லஞ்ச்' என்பதில் பெயர்ச்சொல்லை ஏற்கும் அதே 'பிஃபோர்', 'பிஃபோர் ஹி கேம்' என்பதில் வாக்கியத்தை ஏற்கிறது என்பது இதன் அடிப்படை. டென்மார்க்கு மொழியியலாளர் ஆட்டோ எஸ்பர்சன் 1924 இல் இத்தகைய கருத்தை முன்வைத்தார். ரோட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் ஆகியோரின் கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல் (2002) இதனை விரிவாகக் கையாள்கிறது. பள்ளி இலக்கண நூல்கள் பொதுவாகப் பழைய பகுப்பையே பின்பற்றுகின்றன.