அணுவின் குரலும் அண்டத்தின் அளவும்

கோப்புகளில் 'கோடி' என்னும் எண்ணை அன்றாடம் எழுதும் நாம், அதன் பேரளவை உணர்வதில்லை. அதனை உணர்த்தும் கருவியொன்று, நாம் வாழும் புனேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவை அடுத்த கோடத் சிற்றூரில் நிற்கிறது.

அதன் வரலாறு நம் நீலகிரியில் தொடங்குகிறது. அறிஞர் கோவிந்த் ஸ்வரூப், உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை 1970இல் நிறுவினார். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையாகிய 11 பாகைக்கு ஒத்திருந்தமையால், கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. அப்பட்டறிவின் பயனாகப் பின்னாளில் அவர் தலைமையில் கோடத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் எழுந்தன.

அவை செவிமடுப்பவற்றுள் அணுவின் குரலும் ஒன்று. ஹைட்ரஜன் அணுவின் விட்டம், மில்லிமீட்டரில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு. அது எழுப்பும் வானொலி அலையின் நீளமோ 21 சென்டிமீட்டர். 880 கோடி ஆண்டுகளுக்கு முன் தொலைதூர விண்மீன் மண்டலமொன்றிலிருந்து புறப்பட்ட அத்தகைய அலையைக் கோடத் பதிவு செய்த செய்தி 2023இல் அறிவிக்கப்பட்டது. விரியும் அண்டம் அதனை 48 சென்டிமீட்டராக நீட்டியிருந்தது. அது ஏறத்தாழப் பாதிக் காலம் பயணம் செய்த பின்னரே நம் பூமி உருவாயிற்று!

அணுவுக்கும் அண்டத்துக்கும் 'கோடி'யே அளவுகோல். நாசிக் செல்லும் வழியில் நாராயண்காவைக் கடக்கும்போதேனும், உதகையில் தொடங்கிய இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.