ஊராட்சி மன்ற உறுப்பினரை நியமிப்பது யார்?

சுங்கை சோவில் கால்வாய் அடைச்சுக்கிட்டா, குப்பை லாரி வரலைன்னா யாரைக் கேட்பது? அது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் வேலை. ஆனால், அதன் உறுப்பினர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை.

ஏன் தேர்தல் இல்லை?
இந்தோனேசியாவுடனான மோதலின்போது, 1965-இல் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது.

அப்படின்னா, நியமிப்பது யார்?
மாநில அரசு. ஒரு தலைவருடன் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம். நடைமுறையில், மாநிலத்தை ஆளும் கட்சிகளே பெயர்களைக் கொடுக்கின்றன.

தோட்ட மக்களுக்கு இதில் என்ன?
கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் மாநில அரசின் கையில்தான். வீட்டு நிலத்துக்கோ கோயில் நிலத்துக்கோ நாடாளுமன்ற உறுப்பினர் பேசலாம். பட்டா கொடுக்க முடியாது. 2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தலில் ஐந்து தோட்டங்களின் வீட்டுப் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. அது சட்டமன்றத் தொகுதி.

நாம் என்ன செய்யலாம்?
உங்கள் வட்டாரத்துக்கான உறுப்பினர் யார் என்று கழகத்தில் கேட்டு, புகாரை எழுத்தில் கொடுங்கள். பதில் வரலைன்னா, அவரை நியமித்த மாநில அரசில் உங்கள் குரலாக இருக்க வேண்டிய சட்டமன்ற உறுப்பினரிடம் அதன் நகலைக் கொடுங்கள்.