பூங்காவில் இயற்கையை மீட்பது எப்படி? தண்ணீர்மலை முதல் சியா போய் வரை பினாங்கு தரும் பாடம்

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறும் பக்தர்களில் பலர், அருகிலுள்ள தாவரவியல் பூங்காவுக்கும் ஒரு முறையாவது போயிருப்பார்கள். அங்கே பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆயர் தெர்ஜுன் ஆறு நகருக்குள் இறங்கி, ஆயர் ஈத்தாம் ஆற்றுடன் சேர்ந்து, சுங்கை பினாங்கு என்ற பெயரில் கடலில் கலக்கிறது. மலைக்காடும் பூங்காவும் நகரமும் ஒரே நீரோட்டத்தில் கட்டப்பட்டவை.

இந்தத் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கு மக்கள் நேரில் பார்த்தார்கள். புயல் மழையில் ஜார்ஜ்டவுனின் பல பகுதிகள் மூழ்கின. கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்தனர். அழகுக்காகவும் நடைப்பயிற்சிக்காகவும் என்று நாம் நினைக்கும் பூங்காக்கள் வெள்ளத்தைத் தாங்கும் நிலமாகவும் இருக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது.

மீட்பு என்றால் என்ன?

வெட்டிய புல்தரையும் வரிசையாக நட்ட பூச்செடிகளும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் கனமழையில் புல்தரை மட்டும் உறிஞ்சும் நீர் குறைவு. இயற்கையை மீட்பது என்றால் மூன்று வேலைகள். நீர் தன் போக்கில் ஓடவும் தேங்கவும் இடம் விடுவது முதல் வேலை. வெளியிலிருந்து வந்து பரவி மற்றவற்றை அழுத்தும் செடிகொடிகளை நீக்குவது இரண்டாவது. அந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் புதர்களையும் அடுக்கடுக்காக வளர்ப்பது மூன்றாவது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது, சரிவில் மூடுபயிர் போடுவது வழக்கம். வெறும் மண்ணை மழைக்குத் திறந்து விடக்கூடாது என்ற அதே அறிவுதான் நகரப் பூங்காவிலும் வேலை செய்கிறது.

கல்லுடைத்த இடத்தில் பிறந்த பூங்கா

பினாங்கு தாவரவியல் பூங்கா 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தொடங்கியது. அதற்கு முன் அது கருங்கல் உடைத்த இடம். குவாரியாகக் கிடந்த பள்ளத்தாக்கு இன்று காடு சூழ்ந்த பூங்காவாக நிற்பதே ஒரு மீட்புக் கதைதான்.

அங்குள்ள நாகலிங்க மரம் நம்மவர்கள் விரும்பிப் பார்க்கும் மரம். ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காட்சித் தோட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மலைச்சரிவையும் ஆற்றங்கரையையும் மீட்க வேண்டுமானால், இங்கேயே முளைத்த மரங்கள்தான் தேவை. கர்ட்டிஸின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கும் செராயா மரம் அப்படிப்பட்ட மலைக்காட்டு மரம்.

கொடிமலை, தாவரவியல் பூங்கா, பினாங்கு தேசியப் பூங்கா ஆகியவை அடங்கிய 12,481 ஹெக்டர் பகுதியை 2021 செப்டம்பர் 15ஆம் தேதி யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த மூன்றாவது அங்கீகாரம் இது.

நாறிய கால்வாய் பூங்காவானது

நகரத்தின் நடுவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொம்தார் அருகே உள்ள சியா போய், ஹொக்கியன் மொழியில் ‘ஊரின் கடைசி’ என்று பொருள்படும். பழைய சந்தை இடம்பெயர்ந்த பிறகு அந்த இடம் பாழடைந்து கிடந்தது. பக்கத்தில் ஓடிய பிராங்கின் கால்வாய் சாக்கடையாக நாறியது. 2015இல் அங்கு நடந்த அகழ்வில் 19ஆம் நூற்றாண்டின் கால்வாய்ச் சுவர்கள் வெளிப்பட்டன. கால்வாய் சுத்தப்படுத்தப்பட்டு, 2019இல் அந்த இடம் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இப்போது குடும்பங்கள் உட்கார்ந்து பேசுகின்றன.

அண்டை நாட்டிலும் தமிழகத்திலும்

சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, சுமார் 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் பணி முடிந்தது. கனமழை நேரத்தில் ஆறு பூங்காவுக்குள் பரவி, பிறகு வடிகிறது. சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்ட 58 ஏக்கர் இடம் சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மண்ணுக்குரிய செடிகள் வந்ததும் பறவைகளும் வந்தன.

பினாங்கிலும் இந்த வழியில் பெரிய திட்டம் உள்ளது. ஐ.நா. வாழ்விட அமைப்பு வழியாக, தழுவல் நிதியம் சுமார் 1 கோடி அமெரிக்க டாலருக்கு 2021இல் ஒப்புதல் தந்தது. ஜார்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் மரங்கள், நீர்த்தேக்கக் குளங்கள், பசுமை வழிகள் மூலம் வெப்பத்தையும் வெள்ளத்தையும் குறைப்பது அதன் நோக்கம்.

நட்ட பிறகுதான் வேலை

எந்தத் திட்டத்திலும் எளிதான பகுதி நடுவிழா. கன்று வேர் பிடிக்கும் வரை களையெடுக்க வேண்டும், காய்ந்ததை மாற்ற வேண்டும், குப்பையைத் தடுக்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆளும் பணமும் வேண்டும். எனவே எத்தனை கன்று நட்டார்கள் என்று கேட்பதை விட, மூன்று ஆண்டுக்குப் பிறகு எத்தனை நிற்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

நம் பங்கும் உண்டு. பூங்காவில் குரங்குகளுக்கு உணவு போடக்கூடாது. கையிலிருந்து பறித்துத் தின்னப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு, மனிதர்களிடமே வம்புக்கு வருகிறது. வீட்டில் வளர்த்த மீனையும் ஆமையையும் பூங்காக் குளத்தில் விடுவது புண்ணியம் அல்ல. அவை அங்குள்ள உயிர்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். திருவிழா நாளில் கால்வாயில் விழும் ஒவ்வொரு பிளாஸ்டிக் குவளையும் ஆற்றுக்குத்தான் போகும். தண்ணீரின் பெயரையே தாங்கிய மலைக்குப் போகிறவர்கள், அந்தத் தண்ணீரைக் கெடுக்காமல் திரும்புவதும் நேர்த்திக்கடனில் ஒரு பகுதிதான்.