நிலம் நடுங்கிய ரபாவுல்

ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் நின்று கிழக்கே நோக்கினால் குனோங் லேடாங் நீல நிறமாகத் தெரியும். 2025 ஆகஸ்ட் 24ஆம் நாள் காலையில் சிகாமட் அருகே 4.1 அளவில் நிலம் நடுங்கியது. மலாக்காவிலும் அது உணரப்பட்டது. அடுத்தடுத்துச் சிறு நடுக்கங்களும் வந்தன. இப்படி நிலம் குலுங்கினால் லேடாங் மலை நெருப்பைக் கக்குமோ என்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. கக்காது. அது எரிமலை அன்று, கருங்கல் மலை. சிகாமட்டில் அசைந்தது நிலத்தடிப் பாறையின் பிளவு.

எரிமலையின் மடியிலேயே குடியிருப்பவர்களுக்கோ இது உயிர்க்கேள்வி. பாப்புவா நியூகினியில் ரபாவுல் என்று ஒரு துறைமுகப் பட்டணம். பழைய எரிமலையொன்று உள்ளே சரிந்து, கடல் புகுந்து உண்டான குடாவின் கரையில் அது அமைந்தது. கப்பலுக்கு அருமையான இடம், மனிதருக்குத்தான் ஆபத்து! 1937 மே மாதம் அங்கே வல்கன் எரிமலை வெடித்தபோது சுமார் 500 பேர் மாண்டனர்.

1983இல் மறுபடியும் நடுக்கங்கள் தொடங்கின. உருகிய பாறைக்குழம்பு கீழிருந்து மேலேற முயலும்போது சுற்றியுள்ள பாறை நொறுங்கும். அந்த நொறுங்கலே சரஞ்சரமாக வரும் சிறு நடுக்கம். 1984 ஏப்ரலில் மட்டும் 13,000க்கு மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. வெடிப்பு நெருங்கிவிட்டதென்று அரசு எச்சரித்தது. வெளியேறும் வழிகளை வகுத்து, மக்களுக்கு ஒத்திகையும் நடத்தியது. ஆனால் குழம்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. 1985இல் எல்லாம் அடங்கியது. வீண் பயம் என்று சிலர் முணுமுணுத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

1994 செப்டம்பர் 18, ஞாயிறு அதிகாலை. இரண்டு பலத்த அதிர்ச்சிகள். பிறகு நடுக்கம் நிற்கவேயில்லை. இரவில் வல்கன் ஓரத்துக் கடலடி தண்ணீருக்கு மேலே எழும்பிற்று. 1937ஐ நேரில் கண்ட முதியவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளும் பழைய ஒத்திகையும் ஊராருக்கு நினைவிருந்தன. அரசின் உத்தரவுக்குக் காத்திராமல், லாரியிலும் கால்நடையாகவும் மக்கள் ஆயிரக்கணக்கில் இரவோடிரவாக வெளியேறினர்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பின் தவுர்வுர் வெடித்தது. சற்று நேரத்தில் எதிர்க்கரை வல்கனும் வெடித்தது. முதல் அதிர்ச்சிக்கும் வெடிப்புக்கும் இடையே கிடைத்த அவகாசம் சுமார் 27 மணி நேரந்தான். முன்பு இரண்டு ஆண்டு குலுங்கியும் வராதது, இம்முறை ஒரே நாளில் வந்துவிட்டது.

இறந்தவர் ஐவர். ஒருவர் மின்னல் தாக்கி மாண்டார். மற்றவர்கள் கூரை சரிந்து மாண்டனர். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதன்று, பொடியாகிய கல். மழையில் நனைந்தால் அதன் பாரத்தைத் தாங்காமல் தகரக் கூரையும் சரியக்கூடும். பட்டணத்தின் பெரும்பகுதி அப்படித்தான் நொறுங்கியது. மாநிலத் தலைநகரைக் கொக்கோப்போவுக்கு மாற்றினார்கள். தவுர்வுர் 2014 ஆகஸ்டிலும் ஒருமுறை வெடித்தது.