போர் லாரியும் பருத்தி லோடும்: மாற்றுப் பாடிகளை அடையாளம் காண்பது குறித்து

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ லாரி ஒன்று இன்று எங்காவது ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்தால், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதன் பிறப்பைச் சொல்லிவிடும். பின்னால் இருக்கும் சுமைப் பாடியின் கதை அவ்வளவு எளிதல்ல. வண்டியில் முதலில் உளுத்துப்போவதும் முதலில் மாற்றப்படுவதும் அதுதான். மேலை நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு சுருக்கவழி வைத்திருக்கிறார்கள்: தொழிற்சாலைப் பாடியின் அளவுக்கும் பொருளுக்கும் ஒத்துவராதது எல்லாம் பின்னாளில் மாற்றியது. இந்தியாவில் நின்றுபோன லாரிகளுக்கு இந்த வழி பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே நாட்டு மரத்தில் உள்ளூர் ஆசாரி கட்டிய பாடியும் போர்க்காலத்து அசலாக இருக்கலாம்.

காரணம் அந்த வண்டிகள் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த விதத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைத் தயாரித்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி, ‘கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன்’ (சி.எம்.பி.) என்ற ஒரே வகையைச் சேர்ந்த ஃபோர்டு, செவ்ரோலெட் லாரிகள். மூக்கு மழுங்கிய முகம், 1941-க்குப் பிந்தைய கேபின்களில் மேற்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்த கண்ணாடி. இந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கப்பலில் இடம் அருமையாக இருந்த காலம் அது. ஆகவே வெளிநாடுகளுக்குப் போன சி.எம்.பி. லாரிகளில் கணிசமானவை உதிரிகளாகப் பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்தே அனுப்பப்பட்டன. இந்தியாவில் அவற்றைப் பூட்ட ஆலைகள் ஏற்கெனவே இருந்தன. ஃபோர்டு 1926-இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி பம்பாய், சென்னை, கல்கத்தாவில் பூட்டும் ஆலைகளை நடத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் ஆலை திறந்தது.

காற்றை ஏற்றிக்கொண்டு கப்பல் ஓட்ட யாரும் விரும்பமாட்டார்கள். காலிப் பாடி என்பது பெரும்பாலும் காற்றுதான். அதனால் சேஸிஸ் கடல் தாண்டி வந்தது. பல வண்டிகளுக்குப் பாடி இங்கேயே கட்டப்பட்டது. இதன் உச்சமான எடுத்துக்காட்டு சுமை லாரி அல்ல, கவச வண்டி. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சேஸிஸின் மீது ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகுத் தகடு பொருத்திய ‘இந்தியன் பேட்டர்ன் கேரியர்’ ஆயிரக்கணக்கில் உருவாகிப் போருக்குப் போனது. அதை யாரும் மாற்றுப் பாடி என்று சொல்வதில்லை. சுமை லாரிக்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

அமெரிக்க லாரிகளிலும் ‘ஒரே அசல்’ என்ற எண்ணம் நிற்காது. லெடோ சாலையில் சீனாவை நோக்கி ஓடிய ஜி.எம்.சி. இரண்டரை டன் ஆறு சக்கர லாரி போர் முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. முதலில் அதற்கு எஃகுப் பாடி. பின்பு எஃகைச் சேமிக்க மரப் பாடி. அதன் பிறகு இரண்டும் கலந்த பாடி. மூன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்தவையே. இதே லாரிக்கு 145 அங்குலம், 164 அங்குலம் என இரண்டு சக்கர இடைவெளிகளும் உண்டு; குட்டைச் சேஸிஸுக்கு 9 அடிப் பாடி, நீளமானதற்கு 12 அடிப் பாடி. மரத்தைக் கண்டதும் மாற்று என்று தீர்ப்பு எழுதுபவர் சேஸிஸைக்கூட அளக்காதவர் என்று கொள்ளலாம்.

போர் முடிந்ததும் இந்த வண்டிகள் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற பெயரில் பொதுச் சந்தைக்கு வந்தன. அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்றவற்றை 1946-இல் இந்திய அரசு மொத்தமாக வாங்கிக்கொண்டது. உபரிச் சரக்கு அரசின் டிஸ்போசல் துறை வழியே விற்கப்பட்டது. புது லாரி கிடைப்பது அரிதாக இருந்த ஆண்டுகள் அவை. டாடா-பென்ஸ் லாரி 1954-இல்தான் வந்தது. சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் லேலண்டுடன் சேர்ந்து பெயர் மாறியது 1955-இல். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் சரக்கில் ஒரு பங்கைச் சுமந்தவை போரில் உழைத்து ஓய்ந்த லாரிகள்.

இந்த லாரிகள் பருத்தி சுமந்த வட்டாரத்தைப் பார்க்க, இப்போது திருப்பூருக்கு வருவோம். அன்று அது கோவை மாவட்டத்து ஊர். தனி மாவட்டமானது 2009-இல். பனியன் ஏற்றுமதி இல்லாத காலம். அரவை ஆலைகள், பருத்திச் சந்தை, கைராட்டைக் காதி, விரல்விட்டு எண்ணத்தக்க பின்னலாடைப் பட்டறைகள், இவற்றுக்கு நடுவே ரயில் நிலையம். இந்த ஊர் லாரியிடம் கேட்டது ராணுவம் கேட்டதற்கு நேர் எதிரானது. வெடிகுண்டுப் பெட்டியும் ரேஷன் மூட்டையும் கனமானவை, சிறியவை. ராணுவப் பாடியின் பக்கப் பலகை தாழ்வாக இருந்தாலே போதும். சாக்கில் திணித்த பருத்தி அப்படியல்ல. எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். அழுத்திக் கட்டிய பொதியின் கணக்கு வேறு: 392 ராத்தல் பொதி என்று எடுத்தால், மூன்று டன் லாரிக்குச் சுமார் 17 பொதிதான் கணக்கு. 12 அடிப் பாடிக்குள் அதை அடுக்கிவிடலாம். அழுத்தாத பருத்திக்கு அதே பாடி பாதி வேலைகூடச் செய்யாது. ஆகவே பஞ்சு வட்டாரத்தில் உழைத்த லாரிக்குப் பக்கப் பலகை உயர்ந்திருந்தால், பின்பக்கம் நீண்டிருந்தால், கேபினுக்கு மேல் கேரியர் நீட்டப்பட்டிருந்தால், அதை ராணுவத்தின் கைவேலை என்று சொல்வது கடினம். சரக்குதான் பாடியின் வடிவத்தை முடிவு செய்கிறது. பின்னாளில் நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிப் பாடிக்கும் கரூர் பஸ் பாடிக்கும் பேர்போனதன் பின்னணியிலும் இந்த வட்டாரத்தின் சரக்குத் தேவை இருக்கிறது என்பது என் கணிப்பு.

வடிவம் மட்டும் சாட்சியாகப் போதாது. உயர்த்திய பலகைக்கு அடியில் போர்க்காலத் தளம் அப்படியே இருக்கக்கூடும். அதனால் ஆய்வைத் தொடங்க வேண்டிய இடம் பாடியின் மேற்பக்கமல்ல, வண்டியின் அடிவயிறு. பாடி சேஸிஸோடு சேரும் இடத்தில் மூன்று சங்கதிகளைப் பார்க்க வேண்டும். சேஸிஸ் சட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் துளைகள் முந்தைய பாடி உட்கார்ந்த இடத்தைக் காட்டக்கூடும். துளைகளின் வரிசையும் இப்போதைய யு போல்ட்டுகளின் வரிசையும் ஒத்துப்போகாவிட்டால், இடையில் ஒருமுறையாவது பாடி இறங்கியிருக்கலாம். துளையின் விளிம்பில் பழைய பெயின்ட் உள்ளே வழிந்திருந்தால் அது பெயின்ட்டுக்கு முன் போட்ட துளை. விளிம்பு பளிச்சென்று வெட்டுப்பட்டிருந்தால் பின்னால் போட்டது. வெல்டிங்கையும் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டத்தை ரிவெட் அடித்துச் சேர்த்த இடமும் ஆர்க் வெல்டிங்கில் ஒட்டிய இடமும் ஒரே பாடியில் அடுத்தடுத்து இருந்தால், இரண்டு கைகள் வேலை செய்திருக்கின்றன.

நட்டு போல்ட்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, ஏனென்றால் அவை பொய் சொல்லத் தெரியாதவை. கனடாவும் அமெரிக்காவும் தங்கள் போல்ட்டில் வெட்டிய மரையின் கோணம் 60 டிகிரி. பிரிட்டிஷ் விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி. கால் அங்குல போல்ட்டில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரை, 3/8 அங்குல அளவிலும் இரண்டுக்கும் 16. அவற்றைக் கண்ணால் பிரித்தறிவது சிரமம். அரை அங்குல போல்ட்டில் குட்டு வெளிப்படும்: அமெரிக்க மரை 13, விட்வொர்த் 12. ஒரு மரை கேஜும் பத்து நிமிடமும் போதும். ஆனால் 12 என்று வந்ததுமே ‘போருக்குப் பின் மாற்றியது’ என்று துள்ளக்கூடாது. பிரிட்டிஷ் இந்தியப் பட்டறைகள் போர்க்காலத்திலும் விட்வொர்த் போல்ட்டையே பயன்படுத்தின. ஆகவே 12 மரை சொல்வது ‘இந்தியாவில் கட்டியது’ என்பதை மட்டுமே. எப்போது கட்டியது என்பதை அல்ல. மில்லிமீட்டர் போல்ட் இருந்தால் வழக்கு எளிது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகே மெட்ரிக் முறை படிப்படியாக நாட்டுக்குள் வந்தது.

மரமும் இதே மாதிரி அரைச் சாட்சிதான். பாடிப் பலகையின் குறுக்குவெட்டைக் கூரான கத்தியால் வழித்து, பத்து மடங்கு லென்ஸில் துளைக்கண்கள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். தேக்கு, வாகை, வேம்பு எல்லாவற்றிலும் அவை உண்டு. டக்ளஸ் ஃபிர் போன்ற வட அமெரிக்க ஊசியிலை மரத்தில் அவை கிடையாது. ஊசியிலை மரம் என்றால் தொழிற்சாலைப் பாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: இறக்குமதிப் பெட்டிகளின் பலகையையே பிரித்துத் தளம் போட்டிருக்கலாம். ஆணி ஓட்டைகள் பாடியின் அமைப்போடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நாட்டு மரத்தில் இனம் பிரிக்க, கோவையில் 1902 முதல் இருந்துவரும் கேஸ் வன அருங்காட்சியகத்தின் மரத்துண்டுத் தொகுப்பு நல்ல துணை.

காலத்தைச் சொல்வது பெயின்ட். போர்க்காலத்தில் இங்கே கட்டிய பாடியானால், பலகைகளின் அடிப்பக்கத்திலும் இணைப்புகளின் உட்புறத்திலும் ராணுவப் பச்சை முதல் பூச்சாக இருக்கும். தனியார் பட்டறையில் கட்டியதானால் அந்தப் பச்சை சேஸிஸோடு நின்றுவிடும். பாடியின் அடிப்பூச்சு வேறாக இருக்கும். ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் பூச்சுகள் வளையம் வளையமாக வரிசை சொல்லும். 1947-க்குப் பிறகும் இந்திய ராணுவம் இந்த லாரிகளை ஓட்டியது. ராணுவப் பணிமனையிலேயே பாடி மாறிய வண்டியிலும் பச்சை இருக்கும். அதைப் பிரித்தறிய, பச்சைக்கு மேல் பச்சை எத்தனை அடுக்கு என்பதைச் சேஸிஸிலும் பாடியிலும் தனித்தனியே எண்ண வேண்டும். சேஸிஸில் மூன்றும் பாடியில் ஒன்றுமாக இருந்தால் பாடி தாமதமாக வந்து சேர்ந்தது.

எழுத்துகளையும் விடக்கூடாது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘பப்ளிக் கேரியர்’ என்ற வகையை உண்டாக்கியது; அந்தப் பலகையைத் தலையில் சுமந்தபடிதான் நம் லாரிகள் ஓடின. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. பாடியின் பக்கத்தில் எழுதிய காலி எடை ராத்தலில் இருந்தால் ஒரு காலம், கிலோவில் இருந்தால் இன்னொரு காலம். கிலோவுக்கு அடியில் ராத்தல் மங்கித் தெரிந்தால், அந்தப் பலகை மெட்ரிக் மாற்றத்துக்கு முன்பே அங்கே இருந்தது. எஞ்சினை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் ஏற்றிய வண்டிக்குப் பாடி அசலாக இருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை என்று கொள்ள ஆதாரம் ஏதுமில்லை.

ரங்கூன் நகரத்தில் போர்க்காலச் செவ்ரோலெட் சேஸிஸின் மேல் மரப் பாடி கட்டிய பஸ்கள் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும் ஓடின. பாடி எத்தனை முறை மாறியது என்பது அங்கே யாருக்கும் கேள்வியாகவே இருந்திருக்காது. நமக்குக் கேள்வியாவது, பழைய வண்டியைச் சேகரிப்பவர்களும் விதி எழுதுபவர்களும் ‘அசல்’ என்ற அளவுகோலைக் கொண்டுவரும்போதுதான். 2021-இல் ஒன்றிய அரசு 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது; வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த விதி இருசக்கர வண்டிகளையும் கார்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதே அளவுகோலை லாரிக்கு நீட்டினால், பருத்திக்காக உயர்த்திக் கட்டிய பாடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, படத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்த ராணுவப் பாடியை ஏற்றுவார்கள். அதைவிடப் பெரிய போலி இருக்க முடியாது. ராணுவப் பாடியின் அளவு புத்தகங்களில் கிடைக்கும். கொங்கு வட்டாரத்துப் பட்டறையில் 1950-களில் கட்டிய பாடியின் அளவு அந்தப் பாடியில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே இப்படியொரு லாரி யாரிடமாவது இருந்தால், பழுது பார்ப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். சேஸிஸ் துளைகளை அளந்து எழுதுங்கள். கழற்றும் அரை அங்குல போல்ட்டுகளில் சிலவற்றையும், மாற்றும் பலகை ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துண்டையும் பெயரிட்டு எடுத்துவையுங்கள். எழுத்துகளைப் படம் எடுக்காமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் கார்களுக்குச் செய்திருப்பதை இந்த லாரிகளுக்கும் யாராவது செய்ய முன்வர வேண்டும். வரும்போது பாடியை மாற்றாமல் வாங்கிக்கொள்ளட்டும்.