காப்பி கிளப்

காப்பி கிளப் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக நகரங்களில் பரவிய சிறு காப்பிக் கடையைக் குறிக்கும் பெயராகும். காப்பியுடன் இட்லி, தோசை போன்ற சிற்றுண்டிகளும் இங்கு விற்கப்பட்டன.

கையில் காசு இருந்தும் எல்லாராலும் உள்ளே அமர முடியவில்லை. பல கடைகளின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. அத்தகைய கடைகளில் பிற சாதியினருக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது; தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சாதியைக் காட்டி எவரையும் உணவகங்களில் தடுக்கக் கூடாது என்றது. ஆயினும் பெயர்ப்பலகைகள் மாறவில்லை. 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு மறியலைத் தொடங்கியது. மாதக்கணக்கில் நீடித்த இப்போராட்டத்தில் பலர் சிறை சென்றனர். 1958இல் அச்சொல் அழிக்கப்பட்டது. கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன் பிறகும் தொடர்ந்தது.